ஒரே அஞ்சல்பெட்டியில் இரண்டு விண்ணப்பங்கள்

ஜனவரி 7, செவ்வாய்

நாய்த் தீனிக் கம்பெனிக்காரர்கள் இந்த வருஷமும் ஆஸ்பத்திரிக்கு நாலு டைரி கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறது. பார்க்கட்டும். மனுஷர்களிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை, இதுகளிடமாவது சொல்லி வைக்கிறேன்: பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறேன்.

எழுதிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. வயது நாற்பத்திரண்டு. விலங்கு ஆஸ்பத்திரியின் முன்மேசையில் ஒன்பது வருஷம். வேலை என்னவென்றால் போனை எடுப்பது, பூனைகளைச் சமாதானப்படுத்துவது, பூனைகளின் சொந்தக்காரர்களை அதைவிட நேரம் எடுத்துச் சமாதானப்படுத்துவது. படிப்பு, விலங்கியல் முதல் வருஷம். இரண்டாம் வருஷம் தொடங்கும்போது அப்பா படுக்கையில் விழுந்தார், வேலைக்குப் போனேன், அப்புறம் கல்யாணம், அப்புறம் இந்த நாடு. யாரும் என்னைப் படிக்காதே என்று சொல்லவில்லை. படி என்றும் யாரும் சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல். வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி, என் மகள், அதே பல்கலைக்கழகத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். பதினேழு வயது. சட்டம் படிக்க வேண்டுமாம். பயிற்சியே தேவையில்லை, தூங்கு என்றால் ஏன் தூங்க முடியாது என்று மூன்று வயதிலேயே வரிசையாகக் காரணம் சொன்னவள். வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீலம்மா.

ஜனவரி 12, ஞாயிறு

கணவரிடம் மட்டும் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக் என்பதால் எதைச் சொன்னாலும் முதலில் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் யோசிப்பார்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"கிடைச்சா சொல்லிக்கலாம். கிடைக்கலைன்னா யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குச் சொல்ற?"

"குடியுரிமைப் பத்திரத்தை எங்க வெச்சீங்கன்னு தெரியல."

பத்திரம் எதற்கென்றால், பாரத்தில் முதல் கேள்வியே அதுதான்: உள்நாட்டு மாணவரா, வெளிநாட்டு மாணவரா? வந்து பதினோரு வருஷம் ஆகிறது, எல்லாப் பத்திரமும் கையில் இருக்கிறது. ஆனாலும் விரல் அந்தக் கட்டத்தின் மேல் போய் நின்றுவிட்டது. அவர் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். "உள்நாடுன்னே போடு. இந்த ஊர் நாய் அத்தனையும் உன்னைப் பார்த்தா வாலாட்டுது. இன்னும் என்ன வெளிநாடு?"

போட்டேன்.

ஜனவரி 19

"உங்களைப் பற்றி ஐந்நூறு சொற்களில் எழுதுக." ஆறு நாளாக எழுதுகிறேன். முதல் நாள் முப்பது சொல்லில் நான் தீர்ந்துபோனேன். வேலை, வீடு, பதினேழு வயதில் ஒரு மகள். அப்புறம்? ஊசி போடும்போது நாயின் எந்தக் காது முதலில் மடியும் என்று ஒன்பது வருஷமாகக் கவனித்துக்கொண்டிருப்பதை எழுதினேன். அதை எழுத ஆரம்பித்ததும் நிற்கவில்லை. எண்ணூறு ஆகிவிட்டது. இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். "நீ போயிட்டா அந்தக் கடிக்கிற கிளியை யாரு பிடிக்கிறது?" என்றார். எழுத மாட்டார் என்று நினைத்தேன். மத்தியானமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

அனுப்பிவிட்டேன்!

'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். நமக்கு ஏது? அவர் பெயரைப் போட்டேன். மின்னஞ்சல் என்று இன்னொரு கட்டம். அதுவும் எனக்கென்று தனியாக இல்லை. இங்கே வந்திறங்கிய வாரம் அவர் ஒன்று திறந்தார், மின்கட்டணம், பள்ளிக்கூடம், பல் டாக்டர் எல்லாம் அதற்குத்தான் வரும். "எல்லாம் ஒரே டப்பாவுல இருந்தா தேடுறது சுலபம்" என்பது அவர் கொள்கை.

பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்ததும் அதை எடுத்து 'மின்கட்டணம்' என்ற பிரிவுக்குள் ஒளித்துவைத்தேன். அதை இந்த வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள்.

ஜனவரி 31

வக்கீலம்மாவும் அனுப்பிவிட்டாள். கேக் வாங்கினோம். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன். வகையாக.

சாயங்காலம் அவள் அறையிலிருந்து ஒரு சத்தம். "அப்பா! எனக்கு ஒரு பொண்ணு இருக்காளாம்!"

ஓடினோம். பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்குக் கடிதம். இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறீர்கள், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம் என்று ஆரம்பிக்கிறது. "உங்கள் ஒரு கட்டுரையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்ப்பதாகவும், பதினேழு வயதில் மகள் இருப்பதாகவும் எழுதியுள்ளீர்கள். பிறந்த தேதியின்படி உங்களுக்கே பதினேழு வயது. விளக்கம் தரவும்." அடியில் இரண்டு கட்டுரைகளும் இணைப்பு.

அவர் மேலே விளக்கைப் பார்த்தார். நான் கீழே கம்பளத்தைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் கட்டுரையைத் திறந்தாள். படிக்கப் படிக்க முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. முடித்துவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரையில் அடுத்து இருந்தது அவள் கட்டுரை. நான் படித்திருக்கக் கூடாது.

மூன்றாவது பத்தி: "என் அம்மா முதல் வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவர். தனக்கென்று ஓர் ஆசை இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்பதுதான் என்னை இங்கே விண்ணப்பிக்க வைத்தது."

பொய்யா எழுதியிருக்கா? இல்லையே. எல்லாம் நெசந்தானே. அப்புறம் ஏன் இப்படி வலிக்குது? நல்லா வலிக்குது. பதினேழு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்து, கடைசியில நான்தான் அவளுக்கு எச்சரிக்கைப் பலகை.

பிப்ரவரி 19

சமையலறையில் விசாரணை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ சிரிப்பேன்னுதான்."

"சிரிச்சிருப்பேன். அதுக்காகச் சொல்லாம இருப்பியா?"

மூன்றாவது பத்தியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் இரண்டு பேரும் அதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தோம், சமையலறை சின்னது வேறு.

பிப்ரவரி 20, வியாழன்

மத்தியான இடைவேளையில் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அரைமணி நேரம் சங்கீதம் கேட்கவைத்தார்கள். காலடியில் ஒரு புல்டாக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. சங்கீதத்துக்கு அதுவே தேவலாம்.

கடைசியில் ஓர் அதிகாரி வந்தார், பொறுமைசாலி. குடும்பப் பெயர் ஒன்று, வீடு ஒன்று, போன் நம்பர் ஒன்று, மின்னஞ்சல் ஒன்று, பெயரின் முதல் எழுத்துகூட ஒன்று. எங்கள் கணினி வேறென்ன நினைக்கும் என்று கேட்டார். நியாயம்தான். என் கணவர் பெயரும் அவள் அப்பா பெயரும் ஒரே ஆளுடையது என்று அவருக்கு விளக்கவே பத்து நிமிஷம் ஆனது.

ஒரு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் மற்றதை இரண்டே நாளில் சரிசெய்துவிடலாம். இரண்டும் வேண்டும் என்றால் சரிபார்ப்புக்குப் போகும், ஐந்தாறு வாரம் ஆகும். விலங்கியலுக்குப் பாதகமில்லை, அதன் முதல் பட்டியல் ஏப்ரலில்தான். சட்டத்துக்கு முதல் பட்டியல் மார்ச் பாதியிலேயே வந்துவிடும். அதைத் தவறவிட்டால் மிச்சம் மீதி இடங்கள்தான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். எழுத்தில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஒரே வரி. ஐந்நூறு சொல்லுக்கு ஆறு நாள் ஆயிற்று, இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வந்தது.

பிப்ரவரி 22, சனி

ஏதாவது பதில் வந்ததா என்று அஞ்சல்பெட்டியைத் திறந்தேன். அனுப்பியவற்றில் என் கடிதத்துக்கு மேலே இன்னொன்று. வியாழன் சாயங்காலம் போயிருக்கிறது.

"மேற்படி கடிதம் என் அம்மா என் பொருட்டு அவசரத்தில் எழுதியது. அவரிடம் நேரில் கேட்டு உறுதிசெய்யும்வரை அதை ஏற்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் வெவ்வேறு நபர்கள். ஆதாரமாக, இருவரும் ஒன்றாக நிற்கும் புகைப்படம் இணைத்துள்ளேன்."

புகைப்படத்தைத் திறந்தேன். போன வருஷம் கடற்கரையில் எடுத்தது. இருவருமே வாயைத் திறந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கிறோம். வெவ்வேறு நபர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காதுதான்.

துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"உன் முதல் பட்டியல் போயிடும்டி."

"தெரியும்."

"அப்புறம் என்னைக் குத்திக்காட்டக் கூடாது."

"காட்டுவேன். ஆயுசு பூரா காட்டுவேன். நீ வாபஸ் மட்டும் வாங்காத."

கொஞ்ச நேரம் சாக்ஸுக்கு ஜோடி தேடினாள். அப்புறம், தலையைத் தூக்காமலே, "அந்த மூணாவது பாரா... எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

"தெரியாத மாதிரிதானே நானும் இருந்தேன்."

அழுதோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

பிப்ரவரி 24

அதிகாரி போன் செய்தார். "திரும்பப் பெறுகிறீர்களா, இல்லையா?" வாய் வரை 'ஆமாம்' வந்தது. அவளுக்காக விட்டுக்கொடுப்பது எனக்குப் பழகின வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் எனக்கு அந்தப் படிப்பு வேணும். இருபத்திரண்டு வருஷமா வேணும்.

"இல்லை. இல்லை, வாங்கவில்லை. இல்லவே இல்லை."

"ஒருமுறை சொன்னால் போதும்மா" என்றார்.

மார்ச் 2

எனக்கும் அவளுக்கும் தனித்தனி மின்னஞ்சல் திறந்தாயிற்று. அவருக்குத்தான் மனசே ஆறவில்லை. "ஒரே டப்பாவுல எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று யாரோ சொத்தைப் பிரித்த மாதிரி வருத்தப்படுகிறார்.

மார்ச் 14

சட்டத்துக்கு முதல் பட்டியல் வந்துவிட்டது. அவள் தோழிக்குக் கிடைத்திருக்கிறது. இவள் போனில் வாழ்த்துச் சொன்னாள், வழக்கம்போலச் சாப்பிட்டாள், வழக்கம்போலத் தட்டைக் கழுவாமல் போட்டாள். ஒன்றுமே குறையவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

எனக்குக் கிடைத்துவிட்டது.

முன்மேசையில் இருக்கும்போது வந்தது. என் கண்ணை நம்பாமல் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காத்திருந்த மூன்று நாய்கள், ஒரு முயல், அவற்றின் குடும்பத்தார் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். கை தட்டினார்கள். நான் மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, முயலுக்கு அடுத்த வாரம் நேரம் குறித்துக் கொடுத்தேன்.

வீட்டில் சொல்லத்தான் தயக்கம். அவளுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லையே. "காட்டு" என்று போனைப் பிடுங்கினாள். ஓட்டை தேடுகிறவள் மாதிரி இரண்டு தடவை படித்தாள். "ஒண்ணும் வில்லங்கம் இல்ல. கிடைச்சிருச்சும்மா" என்று சொல்லிக் கட்டிப்பிடித்தாள். எப்போது இவ்வளவு உயரம் ஆனாள்? அவள் மோவாய் என் உச்சந்தலையில் இடித்தது.

மே 6

அவளுக்குச் சட்டம் இல்லை. பொருளாதாரம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வருஷம் நல்ல மதிப்பெண் வாங்கினால் சட்டத்துக்கு மாறக் கேட்கலாமாம். கேட்கலாம், அவ்வளவுதான்.

அவர் நன்றாக இருந்த கதவுக் கைப்பிடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"என்னாலதானே..."

"அம்மா, அந்த லெட்டரை எழுதினது யாரு? நானா, நீயா?"

"நீதான்."

"அப்ப என் கேஸை நீ ஏன் எடுத்துக்கற?"

குரல் உடைந்திருந்தது. ஆனாலும் வாதத்தில் அவள்தான் ஜெயித்தாள். சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் எழுப்ப முடியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று அடையாள அட்டை வாங்கும் நாள். டாக்டரம்மா அனுமதித்தபடி ஆஸ்பத்திரிக்கு இனி வாரத்தில் இரண்டு நாள் மட்டும். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். சட்டத்துறைக் கட்டிடத்தைத் தாண்டும்போது அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்திருந்தது. நான் முன்னால், அவள் பின்னால். சுற்றிலும் பதினெட்டு பதினெட்டாக முகங்கள். கழுத்தில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு பெண் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பந்தல்ல உட்காரலாம்மா. நிழலா இருக்கு, காபியும் இருக்கு."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: நான் நகர்ந்துவிட்டேன். கால் பாட்டுக்கு வரிசையை விட்டு ஓரடி வெளியே வந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கை என் பையைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"அவங்க பேரன்ட் இல்ல" என்றாள் வக்கீலம்மா. சொன்ன பிறகு அது அவளுக்கே சரியாகப் படவில்லை போலிருக்கிறது. "அதாவது, என் அம்மாதான். ஆனா இங்க படிக்க வந்திருக்காங்க. விலங்கியல்."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்தாள். அத்தோடு விடலாமில்லையா? இவள் திரும்பி, தனக்குப் பின்னால் சிவனே என்று நின்ற ஒரு பெண்ணிடம், ஒன்றுமே கேட்காதவளிடம், என்னைக் கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மா. முதல் பட்டியல்லயே கிடைச்சிருச்சு."