பின்வாசலில் நின்று கூப்பிட்டேன்

3.2.2025, திங்கள்

வீட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிற பேக்கர்ஸ் ஆள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பேர் அர்ஷத். காந்திபுரத்தில் ஆபீஸாம். மகள் லோகப்பிரியாதான் போனிலேயே எல்லாம் பேசி முடித்திருக்கிறாள். தாராபுரத்தில் அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு வாடகை வீடு. அவளே மாமனார் மாமியாரோடு இரண்டு ரூமில் இருக்கிறாள், அங்கே நான் போய் எங்கே படுப்பது. இந்தச் சோமனூரில் என்னைத் தனியாக விடவும் மகளுக்கு மனசு வரவில்லை. என் வீட்டுக்காரர், அவங்க தவறி மூன்று மாதம் ஆச்சு.

அர்ஷத் ஒவ்வொரு ரூமையும் போட்டோ எடுத்தார். இங்கே எது எப்படி இருக்கிறதோ அங்கேயும் அப்படியே வைத்துக் கொடுப்பார்களாம். நீங்க ஒரு டம்ளரைக்கூடத் தூக்க வேண்டாம்மா என்றார். பாரத்தில் எழுத வீட்டுக்காரர் பேர் கேட்டார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருசத்தில் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அந்தப் பேர் வருகிறது என்று ஈஸ்வரன் கோயிலைக்கூடச் சாமி கோயில் என்றுதான் சொல்வேன். ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். அவர் சத்தமாகப் படித்தார்.

உள் ரூமில் கட்டில் கிறீச்சென்றது. உள்ளே யாரும் இல்லை.

பக்கத்துத் தறி ஓடுகிற அதிர்வு என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்போது கரண்ட் போயிருந்தது. தறி ஓடவே இல்லை.

7.2.2025, வெள்ளி

பொள்ளாச்சியிலிருந்து நங்கையா போன். மாரியாத்தாள், அவங்களுக்கு அக்கா. செத்து வருசம் திரும்பாத ஆள் இருக்கிற ஊட்டைச் சும்மா பூட்டிக்கொண்டு போகக் கூடாதாம். கிளம்பும்போது வாசப்படியில் நின்று கூப்பிட வேண்டும். புது வீட்டிலும் வாசலில் நின்று உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவங்க இங்கேயே நின்றுவிடுவார்களாம்.

"பேரைச் சொல்லிக் கூப்புடோணும் அம்மணி. பேரில்லாமக் கூப்புட்டா யாரைன்னு அவனுக்குத் தெரியும்?"

நான் எப்படிங்க சொல்லுவேன் என்றேன். சிரித்தார். இனிமேல் கோவிச்சுக்கிட்டு அடிக்கவா வரப்போறான் என்றார். அப்புறம் அவரே அழுதுவிட்டார்.

நீ வந்து கூப்பிடு கண்ணு என்று லோகப்பிரியாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், லீவு கிடைக்காது, நீ மொதல்ல பிரஷர் மாத்திரையைப் போடு என்று வைத்துவிட்டாள்.

10.2.2025, திங்கள்

காலை ஏழு மணிக்கே லாரி வந்துவிட்டது. நாலு பேர். பத்தரைக்கெல்லாம் வீடு காலி. நான் முப்பது வருசமாகச் சேர்த்ததை மூன்றரை மணி நேரத்தில் அட்டைப்பெட்டியில் போட்டு நாடா ஒட்டிவிட்டார்கள்.

எல்லோரும் லாரிப் பக்கம் போனதும் வாசப்படியில் நின்றேன். பேர் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. "ஏனுங்க, வாங்க போலாம்" என்றேன். எப்போதும் அப்படித்தானே கூப்பிடுவேன், தெரியாதா அவங்களுக்கு? ஆனால் திரும்பிப் பார்த்தது லாரிக்காரப் பையன்களில் ஒருத்தன். கூப்டீங்களாம்மா என்றான்.

தாராபுரத்தில் பீரோ முன்வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. பழைய காலத்து வீடு, நிலை குறுகல். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. சரி என்று சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனேன். ஆற்றுப் பக்கம் பார்த்த வாசல். படிக்கல்லில் ஏதோ பழைய எழுத்து வெட்டியிருக்கிறது, யாருக்கும் படிக்கத் தெரியாதாம். அந்தக் கல்லில் நின்று, "ஏனுங்க, உள்ள வாங்க" என்றேன்.

என் தோளை உரசிக்கொண்டு ஒன்று உள்ளே போனது. காற்று என்று சொல்ல முடியாது. காற்று இவ்வளவு மெதுவாகப் போகாது.

வந்துவிட்டார்கள்.

11.2.2025

அர்ஷத் சொன்ன மாதிரியே வைத்துக் கொடுத்திருக்கிறார். காலண்டர்கூட அதே பக்கத்துச் சுவரில். அவங்க ஒயர் நாற்காலி தெருவைப் பார்த்து ஹாலில்.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் பால் கொண்டுவந்தார். ஊர்ப் பெருமை பேசினார். பாண்டவர்கள் பேரை மறைத்துக்கொண்டு ஒரு வருசம் ஒளிந்திருந்த ஊர் இதுதானாம். இப்பவும் யார் எந்தப் பேரில் இருக்காங்களோ என்று சிரித்தார். பேச்சு நல்ல பேச்சு. ஆனால் ஹால் தாண்டி உள்ளே வரவில்லை.

மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு வந்தால் நாற்காலி பின்வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோசம்.

16.2.2025

தினமும் மத்தியானம் அதேதான். நான் திருப்பி வைப்பேன், அது திரும்பியிருக்கும். தட்டில் சோறு போட்டு நாற்காலி முன்னால் வைத்துப் பேசிக்கொண்டே சாப்பிடுகிறேன். மகளைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி. யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். அந்த ராத்திரி மூச்சு வாங்கியபோது காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேனே, அதையும் சொன்னேன். அழுதேன்.

கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி மட்டும் இருந்தது.

21.2.2025

அவங்களுக்குக் கேட்டுக்கொண்டிருக்கத் தெரியாதே. நான் ரெண்டு வார்த்தை அழுதால் போதும், நிறுத்து அம்மணி என்று அதட்டுவார்களே.

24.2.2025

தைல வாசம். அவங்க மேல் தறி எண்ணெய் வாசமும் பஞ்சு வாசமும்தான் அடிக்கும். குளித்தாலும் போகாது. இது வேறு. வயசான வாசம்.

ஹாலிலிருந்து பின்வாசலுக்கு நடக்கிற சத்தம் கேட்டது, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. ஒரு அடி, ஒரு தட்டு. ஒரு அடி, ஒரு தட்டு. கைத்தடி.

அவங்க தடி பிடித்ததே இல்லை. ஐம்பத்தாறு வயசு.

25.2.2025

ரங்கம்மாளிடம் போய் நேராகக் கேட்டேன், எனக்கு முன்னால் இந்த வீட்டில் யார் இருந்தது என்று. அவர் காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டாம் என்றார்களாம்.

வெங்கடபதி என்று ஒருத்தர். பத்திரம் எழுதுகிறவர். எழுபத்தெட்டு வயசு. சம்சாரம் மகனுடைய குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூர் போனவர், போன இடத்திலேயே தவறிவிட்டார். இவரால் போய் முகம் பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு வருசம் பின்வாசலைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தாராம். அப்படியே போய்ச் சேர்ந்தாராம். மகன் வந்தான், காரியம் முடித்தான், அன்றைக்கே வீட்டைக் காலி செய்து பூட்டிவிட்டான்.

"அந்தம்மா ஆத்துல துணி தொவச்சுட்டு அந்த வழியாத்தானுங்க வரும். கல்லு மேல நின்னு, ஏனுங்கன்னு ஒரு கூப்பாடு. வாளியை வாங்க இவரு ஓடுவாரு."

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பதினஞ்சு நாளா யாருகிட்டப் பேசிட்டு இருந்தேன்? எதையெல்லாம் சொல்லிப்போட்டேன். சேலை மாத்தறப்பக்கூடக் கதவைச் சாத்தலை — எங்கூட்டுக்காரருன்னு நெனச்சு. ஐயோ. அப்ப அவங்க எங்க?

அங்கதான். சோமனூருல. காலி ஊட்டுல. நான் கூப்புட்டது அவங்களையான்னு தெரியாம நின்னுட்டு இருப்பாங்க.

இந்தப் பெரியவரைத் திட்டவும் முடியவில்லை. நான் கூப்பிட்டேன், வந்தார்.

26.2.2025

சோமனூர் வாடகை வீட்டின் சொந்தக்காரர் தனபாலுக்குப் போன் செய்தேன். சாவி வேண்டும், ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறேன் என்றேன். எதற்குங்கக்கா சாவி என்றார். வீட்டை இடித்துவிட்டு ஆட்டோ தறி போட ஷெட் கட்டுகிறாராம். நாளைக் காலையில் இடிக்கிற மிஷின் வருகிறதாம்.

வீடு போய்விட்டால் எந்த வாசலில் நின்று கூப்பிடுவது?

27.2.2025, வியாழன்

முதல் பஸ்ஸுக்கே போனேன். பல்லடத்தில் இறங்கி மாறி, சோமனூர் போகும்போது ஒன்பதரை. முன்சுவர் விழுந்து கிடந்தது. ஓடெல்லாம் இறக்கிவிட்டார்கள். வாசப்படி மட்டும் இருந்தது. ஜேசிபி உள் ரூம் சுவரில் கை வைத்திருந்தது.

படியில் போய் நின்றேன். ஈஸ்வரமூர்த்தி என்றேன். எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம் மிஷினுக்கு. இன்னொரு தரம் சொன்னேன். அப்புறம் கத்தினேன். தொண்டை கிழிகிற மாதிரிக் கத்தினேன். டிரைவர் பயந்துபோய் மிஷினை நிறுத்திவிட்டான். தெருவே எட்டிப் பார்த்தது. முப்பது வருசம் தலை குனிந்து நடந்த தெரு.

தனபால் ஓடிவந்தார். "ஏனுங்கக்கா, அண்ணன் போயி நாலு மாசமாச்சுங்களே" என்றார்.

"தெரியுமுங்க. போயிட்டாரு. ஆனா இங்கதான் இருக்காரு. தாராபுரத்துக்கு வாங்கன்னு சொல்றக்கு வந்தேன்."

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். மிஷின் நின்றே இருந்தது. நான் இன்னும் ஒரு தரம் பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன். வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், சண்டை வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஒன்றுமே நடக்கவில்லை. புழுதி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

பல்லடத்தில் தாராபுரம் பஸ் ஏறி ரெண்டு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் இன்னொரு ஆள் எங்கேம்மா என்றார். இருக்காருங்க என்றேன். கிழித்துக் கொடுத்துவிட்டார். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆள்கள் நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றாள். என் பக்கத்துச் சீட் காலி. நான் துண்டும் போடவில்லை, பையும் வைக்கவில்லை. அந்தப் பெண் ரெண்டு தரம் சீட்டைப் பார்த்தாள். ரெண்டு தரமும், ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி விலகுவோமோ அப்படி விலகினாள்.

நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தாராபுரம் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

3.3.2025

நாற்காலியை நான் தொடவில்லை. மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி எதிரில் போட்டேன்.

9.3.2025

ஒன்றும் இல்லை. இரண்டு நாற்காலியும் போட்டது போட்டபடி.

20.3.2025, வியாழன்

லோகப்பிரியா வந்தாள். மாமனார் மாமியார் மூத்த மகன் வீட்டுக்குத் திருப்பூர் போகிறார்களாம், இனி ஒரு ரூம் சும்மாதான் கிடக்கும், நீ எங்களோடு வந்துவிடும்மா என்றாள். அர்ஷத்துக்குப் போன் செய்தால் அரை நாளில் முடிந்துவிடும் என்றாள். நான் வரவில்லை கண்ணு என்றேன். ஏன் என்று கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரு, அப்புறம் பேசலாம் என்றேன். இருந்தாள்.

பன்னிரண்டரைக்குக் கீரை கடைந்துகொண்டிருக்கும்போது ஹாலில் பேச்சு ஆரம்பித்தது. ஒரு குரல் தணிந்து, நிதானமாக. இன்னொன்று, தறியோடு இருந்து காது மந்தமான ஆள் பேசுகிற மாதிரிக் கத்தி. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வாரமாக இப்படித்தான். நான் ஹாலுக்குப் போனால் நின்றுவிடுகிறது.

லோகப்பிரியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னைப் பார்த்தாள். டிவி ஓடுதாம்மா என்றாள். நம்மிடம் டிவி இல்லையே கண்ணு என்றேன்.

அவள் அழவும் இல்லை, எழுந்து ஓடவும் இல்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மெதுவாக, "அப்பா இன்னும் இவ்ளோ சத்தமாத்தான் பேசறாரா" என்றாள்.

சமையல்கட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு இருவரும் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் நாலு மணிக்குத்தான் கிளம்பினாள். அர்ஷத் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.