வெள்ளைக்கோட்டுக்கு மேல் ஒன்பது படி

ஜூன் 11, செவ்வாய்

நூலகத்தில் அந்தத் தடிப் புத்தகத்தை இன்று முடித்துவிட்டேன். பூமி இதற்கு முன்னும் பலமுறை சூடாகியிருக்கிறதாம், பலமுறை உறைந்திருக்கிறதாம். அப்போது தொழிற்சாலையும் இல்லை, காரும் இல்லை. வெப்பமானியைத் தார்ச்சாலை ஓரத்தில் வைத்துவிட்டு உலகமே கொதிக்கிறது என்கிறார்கள் என்றும் அதில் இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் புவியியல் டீச்சர் இதற்கெல்லாம் என்ன சொல்வார்? ஒன்பது கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது கேள்வியை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். படகுத்துறை டிக்கெட் கவுன்டரில் பத்தொன்பது வருஷமாகக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள் அம்மா. "ஒன்பது கேள்வி எதுக்குடி? ஒரே பதில் எங்கிட்ட இருக்கு. வந்து கோட்டைப் பாக்கச் சொல்லு" என்றாள்.

கோடு என்றால் படித்துறைச் சுவரில் இருக்கும் வெள்ளைக்கோடு. தண்ணீர் அதைத் தாண்டினால் படகை நிறுத்த வேண்டும் என்பது விதி. அம்மா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. கடல் உயர்கிறது என்றால் எங்கே போய் உயர்கிறது? இதைப் பத்தாவது கேள்வியாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஜூன் 14, வெள்ளி

கேட்டுவிட்டேன். பத்தையும்.

டீச்சர் கோபப்படவில்லை. மேஜை விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். பூமி முன்பு தானாகவே சூடானதே என்றதற்கு, "போன வருஷம் நீ தானா தடுக்கி விழுந்து கையை உடைச்சுக்கிட்டேன்னு வெச்சுக்கோ. இந்த வருஷம் ஒருத்தி தள்ளிவிட்டு உடைஞ்சா, அவ தள்ளவே இல்லைன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். வெப்பமானி பற்றிய சந்தேகம் நியாயமானது, அதனால்தான் நகரங்களை விட்டுவிட்டும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் சூடு கூடியேதான் இருக்கிறது என்றார். ஆறாவதற்குத் தெரியாது என்றார். ஒரு டீச்சர் வகுப்பில் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

வெள்ளைக்கோடு என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் கோட்டை யார் போட்டது?"

யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுப்பாடம்: ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைத் தானே அளந்து எழுத வேண்டும். ஜூலை மாதத்துக்குள்.

ஜூன் 21, வெள்ளி

வகுப்போடு படித்துறைக்குப் போனோம். இந்தத் துறையை உங்கள் காலத்திலேயே மேட்டுக்கு மாற்ற வேண்டி வரும், கீழ்த்தெருக்காரர்கள் இடம் மாற வேண்டி வரும், நாம் பார்த்ததை எழுதி நகர அலுவலகத்துக்கு அனுப்புவோம் என்றார் டீச்சர். என் பக்கத்தில் உட்காருபவளுக்குக் கீழ்த்தெருவில்தான் வீடு. எங்கள் வீடுமா டீச்சர் என்று கேட்டாள். ஆமாம் என்றார். கொஞ்சம் தயங்கியிருக்கலாம்.

அம்மா கவுன்டர் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். துறை மேட்டுக்குப் போனால் அங்கே டிக்கெட் கொடுக்க இயந்திரம் வைத்துவிடுவார்கள் என்று ரொம்ப நாளாகவே பேச்சு.

ஜூன் 28, வெள்ளி

பெற்றோர் கூட்டம். அம்மா உள்ளே வரும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். தலைமையாசிரியர் ஏனென்று கேட்டார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை, டீச்சரைத்தான் பார்த்தாள்.

"புதுச் செருப்பு டீச்சர். நனைஞ்சிடக் கூடாதேன்னுதான். தண்ணி எத்தனை மணிக்கு வருதுன்னு சொன்னீங்கன்னா, கொடியில காயற துணியையாவது எடுத்து வெச்சிட்டு வந்திடுவேன்."

கூடமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். டீச்சர் ஏதோ வரைபடத்தை விரித்தார். அம்மா விடவில்லை. எங்கேயோ உட்கார்ந்து எவனோ போட்ட கோட்டை நம்புவீர்கள், கண்ணெதிரே இருக்கிற கோட்டை நம்ப மாட்டீர்களா என்று கேட்டாள். கைதட்டல். கூட்டம் முடிவதற்குள் 'வெள்ளம் டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

என் அம்மா மாதிரி யாருக்கும் பேச வராது.

ஜூலை 1, திங்கள்

நாளைக்கு டீச்சர் வரும்போது எல்லாரும் காலணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம் என்று வகுப்பில் சொன்னேன். யோசனை என்னுடையது. உடனே ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

முப்பத்திரண்டு பேர். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வெகுநேரம் தேதியை எழுதிக்கொண்டிருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

அம்மா சொல்லச் சொல்லப் பள்ளிக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சொல்லச் சொல்ல என்பது சரியில்லை. அம்மா சொன்னது நாலு வரி, மீதி என் நடை. 'எங்கள் வீடுகள் மூழ்கும் என்று கூறி, இளம் உள்ளங்களில் நாள்தோறும் அச்சத்தை விதைக்கிறார்' என்ற வரியை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

டீச்சருக்கு இது முதல் வருஷம், வேலை இன்னும் நிரந்தரமில்லை. வைப்பதா அனுப்புவதா என்று பள்ளிக் குழு 26ஆம் தேதி முடிவு செய்யும். நான் வந்து கடிதத்தை வாசிக்க வேண்டுமாம்.

ஜூலை 14, ஞாயிறு

வீட்டுப்பாடத்துக்கு எதை அளப்பது என்று யோசித்து, கோட்டையே எடுத்துக்கொண்டேன். டீச்சரை அவர் கொடுத்த வேலையாலேயே மடக்கலாம் என்பதுதான் எண்ணம். மறைக்க மாட்டேன்.

துறையில் பெயிண்டர் மாமா சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை பாசியைச் சுரண்டி, கோட்டுக்குப் புது வெள்ளை அடிப்பார். பழைய கோட்டின் மேலேயே அடிப்பீர்களா மாமா என்று கேட்டேன். அளவு முழுதாக இருக்க வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"பழைய கோடு எங்கம்மா இருக்கு? பாசி தின்னுடுமே. பச்சை எங்க முடியுதோ, அதுக்கு மேல ஒரு சாண். எனக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் காட்டிக் கொடுத்தார்."

"பச்சை மேல ஏறினா?"

"கோடும் ஏறும். பாசி மேல பெயிண்ட் ஒட்டுமா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விட்டார். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

தண்ணீர் கோட்டைத் தாண்டவே இல்லை. தாண்டவே முடியாது.

ஜூலை 15, திங்கள்

கவுன்டரில் அம்மாவின் தலைக்குப் பின்னால் துறை திறந்த நாளின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தையது. அம்மா அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த சாக்கில் எண்ணினேன்.

படத்தில் கோட்டுக்கு மேல் பதினொரு படி. இன்றைக்கு ஒன்பது.

படிகளை யாராவது மாற்றியிருப்பார்களோ? இல்லை. மேலிருந்து நாலாவது படியில் இரும்பு வளையம், படத்திலும் நாலாவதில்தான். மூன்று முறை எண்ணிவிட்டேன். நோட்டில் இப்படி எழுதினேன்: 'கடல் இரண்டு படி ஏறியிருக்கிறது, அல்லது துறை இரண்டு படி இறங்கியிருக்கிறது. எது என்று எனக்குத் தெரியாது. கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பது மட்டும் உண்மையில்லை.'

ஜூலை 17, புதன்

நோட்டைக் கொடுத்தேன். டீச்சர் நின்றுகொண்டே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அம்மாவுக்குத் தெரியுமா என்றார். இல்லை என்றேன்.

"முதல்ல அவங்ககிட்ட சொல்லு. அப்புறம் குழுவுல நீயே சொல்லு. நான் எடுத்துக் காட்ட மாட்டேன். அளந்தது நீ."

நான் இதைச் சொன்னால் அவர் வேலை பறிபோகாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதை நாங்கள் பேசவில்லை. நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்திருந்தேன். அதைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 20, சனி

இன்றும் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

இன்றும்.

ஜூலை 25, வியாழன்

சாயங்காலம் சொல்லிவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் மாமா, படம், பதினொன்று, ஒன்பது, வளையம் எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன்னு நினைக்கிறேன்.

கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். அப்புறம்,

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

நான் மடித்த துணியை எடுத்து அடுக்கினேன்.

"பத்தொன்பது வருஷமா அதைத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தப் பொம்பளைக்கு வேற ஊர் இருக்கு, வேற பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கு அந்த ஜன்னல்தான்டி இருக்கு."

அப்ப கூட்டத்துல நீ ஏம்மா அப்படிப் பேசினே என்று கேட்டேன். சிரிச்சா. அந்தச் சிரிப்பை எழுத வரலை.

"நாளைக்கு அங்க வாயைத் திற. திறந்துட்டு அப்படியே உன் டீச்சர் வீட்டுக்கே போயிடு. அவளே சோறு போடட்டும், அவளே தலை பின்னிவிடட்டும். இங்க உனக்கு அம்மா கிடையாது."

அப்பா படகில் இன்ஜின் பார்ப்பவர். அதுவரை விரல் இடுக்கில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "முன்னெல்லாம் படகைக் கீழ் வளையத்துல கட்டுவேன். எட்டு வருஷமா மேல் வளையம்தான்" என்றார். என் பக்கம் பேசுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். டீ இருக்கா என்று கேட்டார்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வகுப்பையே செருப்பைத் தூக்க வைத்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

நீள மேஜை. குழுவில் ஐந்து பேர். டீச்சர் ஒரு ஓரம், அம்மா எதிரே முதல் நாற்காலியில். டீச்சரின் உள்ளங்கைக்குக் கீழே பழுப்பு அட்டை நோட்டு.

கடிதத்தை வாசித்தேன். என் குரல் நன்றாகவே இருந்தது. 'அச்சத்தை விதைக்கிறார்' என்ற இடத்தில் ஒருவர் தலையை ஆட்டினார்.

"நீயே எழுதினதாம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"ஆமா சார்."

"இதுல இருக்கிறது எல்லாம் உண்மைதானே? வேற ஏதாவது சொல்லணுமா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. கணக்குப் போட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பவர் மாதிரி பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"உண்மைதான் சார். வேற ஒண்ணும் இல்லை."

உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டீச்சரைக் கேட்டார்கள்.

"இல்லை. சொல்ல வேண்டியவங்க சொல்லியாச்சு."

நோட்டைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம், என் பொண்ணு வாசிச்சா பாருங்க, ஒரு எழுத்து தடுக்கலை என்று சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் பிறகு எதற்கு எழுதுவது?

ஜூலை 30, செவ்வாய்

டீச்சர் நேற்றே போய்விட்டார். நோட்டை என் பக்கத்து இருக்கைக்காரியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில்:

'எண்ணிக்கை சரி. எந்த நாள், எந்த நேரம் என்று எழுதவில்லை. அது இல்லாமல் அளவு ஆகாது. 10க்கு 8.'

வேறு ஏதாவது எழுதியிருப்பார் என்று எல்லாப் பக்கத்தையும் புரட்டினேன். அட்டையைப் பிரித்துக்கூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

புதுப் புவியியல் சார் எங்களைப் படித்துறைக்கு அழைத்துப் போனார். கோட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா நன்றாகப் பேசினாள். அப்படியென்றால் எங்கள் வீடு போகாதில்லையா ஆன்ட்டி என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்.

"கல்லு மாதிரி நிக்கும், கண்ணு. போய் அம்மாவை நிம்மதியா தூங்கச் சொல்லு."

அவள் முகம் அப்படி மலர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

முழுநிலவுக்கு மறுநாள். மழையில்லை, காற்றுகூடப் பெரிதாக இல்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. பள்ளியிலிருந்து நேராகத் துறைக்குப் போனேன். வெள்ளைக்கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பா படகை நடுவில் நிறுத்தி வைத்திருந்தார், கரைக்கு வர முடியவில்லை.

கீழ்த்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து இருக்கைக்காரி புத்தகப் பையும் ஒரு தலையணையுமாக எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அம்மா மீதிச் சாமான்களை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறார். "ஆன்ட்டி போகாதுன்னாங்களே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். புடவை விளிம்பு முழுக்கச் சேறு. கணுக்காலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பு இரண்டும் கையில்.

பக்கத்து இருக்கைக்காரி செருப்பைப் பார்த்ததும் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அம்மா கதவருகிலேயே நின்றாள். செருப்பைக் கீழே போடவுமில்லை.

"என்னடி எழுதறே?"

"வீட்டுப்பாடம்."

நாள் மேலே இருக்கிறது. துறையில் எண்ணியபோது மாலை 4.35. தண்ணீருக்கு மேல் ஆறு படி.