கரும்புக் கட்டுக்குள் போன டோக்கன்

என் டிராக்டர் தாத்தாவுக்கு,

முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் வீட்டுச் சிவப்புச் சேவல் நேற்று மாலை அம்மாவின் புது செல்போன் மேல் ஏறி நின்று தன் கடமையை முடித்தது என்பதைப் பெருமதிப்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். சேவல் நலம். துடைத்தபின் செல்போனும் நலம்.

அடுத்த செய்தி இன்னும் பெரிது. உங்கள் பேரன் எழுத்தாளனாகிவிட்டான். பள்ளி மலரில் 'தாத்தாவுடன் ஒரு நாள்' என்று எழுதி முதல் பரிசு. கணக்கில் எப்போதும் கழித்தலில் கிடப்பவன் தமிழில் கூட்டலுக்கு வந்துவிட்டேன் என்று பெரம்பலூர் பஸ்ஸில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று.

எந்த நாளை எழுதினேன் தெரியுமா? எனக்கு எட்டு வயதில், எறையூர் ஆலைக்குக் கரும்பு லோடோடு என்னையும் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அதை. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால்தான் எடை மேடைக்குப் போகலாம். அப்போது டோக்கன் கையில் இல்லையென்றால் மறுபடி வரிசையின் வால். நீங்கள் அதைத் தொலைத்துவிட்டுத் தவித்ததாகவும், நான் கண்டுபிடித்துக் கொடுத்ததாகவும் எழுதினேன்.

போன வாரம் தமிழம்மா அதை வகுப்பில் வாசித்து, பாடம் மாதிரி அலசினார்கள். போர்டில் 'தாத்தாவின் குணங்கள்' என்று தலைப்பு. முதல் பெஞ்சிலிருந்து ஒருவன், "மறதிங்க மிஸ்" என்றான். அதையே எழுதினார்கள். அதற்குக் கீழேதான் உழைப்பு, பாசம் எல்லாம்.

சுகன்யா எழுந்தாள். "எட்டு வயசுப் பையனுக்கு டோக்கன் எங்க கெடக்குதுன்னு எப்படிங்க மிஸ் தெரிஞ்சுச்சு?"

"எனக்கு எட்டுக்கண் பார்வை" என்று அடித்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் வண்டி நிழலில் கண்ணயர்ந்திருந்தபோது, சட்டைப் பையிலிருந்து டோக்கனை உருவியது நான். ட்ரெய்லரில் ஏறி ஒரு கரும்புக் கட்டுக்குள் செருகினேன். கூப்பிட்டதும் மந்திரவாதி மாதிரி எடுத்து நீட்டுவதாகத் திட்டம். கூப்பிட்டார்கள். எந்தக் கட்டு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாக் கட்டும் ஒரே மாதிரி இருந்தது. நீங்கள் சட்டைப் பை, தலைத்துண்டு, சீட்டுக்கு அடியில் என்று தேடிக்கொண்டே இருந்தீர்கள். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் நம்மைத் தாண்டிப் போயின. மறுநாள் மதியம்தான் நம் லோடு இறங்கியது.

வீட்டில் அப்பா, "வயசாயிப்போச்சுப்பா, இனிமே டிராக்டர் பக்கம் போவாதீங்க" என்று கையை நீட்டினார். நீங்கள் பேசாமல் சாவியைக் கொடுத்தீர்கள். நானும் பேசவில்லை. அதற்கப்புறம் தினமும் காலையில் சீட்டைத் துடைத்துவிட்டு அப்படியே இறங்கிவிடுவீர்களே, நீங்கள் கண்மூடிய கடைசி நாள்வரைக்கும், அதை நான் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அந்தக் கட்டுரையில் எழுதவில்லை. அன்றைக்குக் கட்டுக்குள் கை விட்டதில் காய்ந்த கரும்புச் சோகை என் முழங்கையைக் கீறியிருந்தது. ஒன்றும் கேட்காமல் தேங்காயெண்ணெய் தடவிவிட்டு, சட்டைக் கையை நீங்களே இழுத்து மூடினீர்கள். உங்களுக்குத் தெரியும்தானே தாத்தா? ஏன் சொல்லவில்லை? ஒரு அறை விட்டிருக்கலாமே.

மலரைப் படித்துவிட்டு அப்பா சொன்னது: "பாத்தியா, அன்னைக்கு நான் சாவிய வாங்குனது சரிதான்." அந்த நிமிஷத்திலிருந்து பரிசுச் சான்றிதழை அலமாரியில் குப்புறப் போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் இதை வாசிப்பேன். அதற்கு முன்னால் அப்பாவிடம் நேருக்கு நேர், கண்ணைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இப்போது கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று தரம் போய் நின்றேன். மூன்று தரமும் "ரசம் வேணுமாப்பா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் இலையில் ரசம் குளமாக நிற்கிறது. அதனால் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுக்கப்போகிறேன். படித்து முடிக்கும்வரை ஓடாமல் நிற்பேன், அவ்வளவுதான் என்னால் முடியும்.

உங்கள் மகனுக்குப் பயப்படுகிற,
உங்கள் பேரன்.