சிலேட்டுக் கடையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

தக்கலை,
கொல்லம் 1130 ஆனி 9

அன்பு மகள் அழகியநாயகிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மையும் நலம், அவளுடைய முட்டுவலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். நான் பென்ஷன் வாங்கிய கையோடு கடை போடப் போகிறேன் என்றபோது, "எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தீங்க, ஒங்களுக்கு யாருப்பா சொல்லித் தருவா?" என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது பதில் கிடைத்துவிட்டது, அதை உனக்கு எழுதத்தான் விடிந்ததும் உட்கார்ந்தேன், காப்பி ஆறுகிறது என்று அம்மை இரண்டு தடவை சொல்லியாயிற்று.

சிலேட்டும் நோட்டும் வாங்க ஆள் வருவதில்லை, பள்ளிக்கூடம் திறக்கும்போதும் இப்படியே இருந்தால் கடையை மூடிவிட்டு உங்களோடு வந்துவிடுகிறோம் என்று பங்குனியில் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் பக்கத்துக் குடைக்கடை ரசலையன் என்னைப் பிடித்தார். ஞாயிறு மத்தியானம் கடைத்தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவர் கடையில் கூடுகிறார்கள், நானும் வரவேண்டும் என்றார். போனேன். வகுப்பில் நிற்பது போல எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் யோசனை சொல்லத் தொடங்கினேன். பாத்திரக்கடை உலகம்மை கையைக் காட்டி நிறுத்தி, "சாரே, இரியும். அந்த வாரம் தான் செஞ்ச மண்டத்தனத்தச் சொன்ன பெறவுதான் இங்க அடுத்த ஆளுக்கு யோசனை. ஒம்ம மண்டத்தனம் எங்க?" என்றாள். நான் அப்படி முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை என்றேன். "அப்பம் ஒம்ம கடையில ஈ மட்டும் ஏன் இருக்கு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று ஞாயிறு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கோபத்தில் ஒரு கல்யாண வீட்டாரை விரட்டியதை உலகம்மை சொன்னாள், கம்பி ஒடிந்த குடையைப் பார்க்காமல் விற்றதை ரசலையன் சொன்னார், மற்றவர்கள் வழி சொன்னார்கள். நாலாவது ஞாயிறு நானும் சொன்னேன். கடைக்கு வருகிறவர்களை நிமிர்ந்து நில், தெளிவாகக் கேள் என்று அதட்டிக்கொண்டிருந்தேன். கோடு போட்ட நோட்டா போடாததா என்று தெரியாமல் நின்ற ஒருத்தியை, தெரியாமல் ஏன் வந்தாய் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் கடை திறந்ததும் என்னைப் பழக்க ஒவ்வொருவராக வாடிக்கைக்காரர் போல நடித்துக்கொண்டு வந்தார்கள். உலகம்மை முணுமுணுத்தாள், நான் என்னை அறியாமல் "சத்தமாச் சொல்லு" என்றுவிட்டேன். "சாரே, தோத்துப் போனீரு! வெளிய போயிட்டு மறுக்கா வாறேன்" என்று திரும்பத் திரும்ப வந்தாள். ஐந்தாம் தடவைதான் நான் தேறினேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் கடையில் நிற்க இடமில்லை, ரசலையன் தன் கடையை விட்டுவிட்டு என்னோடு நின்றார். கூட்டத்துக்குப் பின்னால், நான் திருப்பி அனுப்பிய அதே பெண் படியேறத் தயங்கிக்கொண்டு நின்றாள். "சாரு இப்பம் கடிக்க மாட்டாரு, ஏறி வாம்மா" என்றார் ரசலையன். நான் ஒன்றும் கேட்காமல் இரண்டு நோட்டையும் விரித்து வைத்துக் காத்திருந்தேன். கோடு போட்டதைத் தொட்டாள். பிள்ளை எந்த வகுப்பு என்றேன். "பிள்ளைக்கு இல்ல சார். எனக்குத்தான். எம் பேர எழுதிப் பழகணும்" என்றாள். முப்பத்துநாலு வருஷம் வாத்தியாராக இருந்தவன் மகளே, எழுதப் படிக்க ஆசைப்பட்டு வந்தவளை விரட்டியிருக்கிறேன். சிலேட்டும் பலப்பமும் எடுத்து வைத்து, தினம் மத்தியானம் வா என்றேன். வருகிறாள்.

ஆகவே கடையை மூடவில்லை, பம்பாய்க்கு உங்களைப் பார்க்க மட்டும் வருவோம். உன் கடிதத்தில், தையல் மிஷின் சும்மா கிடக்கிறது, ரவிக்கை ஒன்றைக் கெடுத்துவிட்டேன், எதிர்வீட்டுத் தையல்காரியைக் கண்டால் வெட்கத்தில் ஒதுங்கிப் போகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். தாணுமாலயன் சாமி காவலில் நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருங்கள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அந்தக் கெட்டுப்போன ரவிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டு.

உன் அப்பா,
வள்ளிநாயகம்