நான் பேசாமல் இருந்தபோது

பிப்ரவரி 3

சந்தையில் இன்று மானம் போயிற்று. எதிரே வந்த என் புருஷன் கடுங்கியின் வழியை மறித்துச் சிரித்தேன். யாரோ எவளோ என்று விலகிப் போய்விட்டார். தக்காளிக்காரி விடுவாளா? "உன் புருஷனுக்கு மாட்டு முகந்தான் தெரியும்போல, அக்கா!"

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டையில் தையல் போட்டதிலிருந்தே ஆள் ஒரு மாதிரிதான். ஆனால் மாடுகளை மட்டும் தூரத்திலேயே பெயர் சொல்லி அழைக்கிறார். கட்டியவளைத் தெரியாதா? எல்லாம் நடிப்பு.

பிப்ரவரி 4

இனி அவரோடு பேச்சு இல்லை.

பிப்ரவரி 7

தங்கை கோபுசிங்கே வந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடுங்கி உள்ளே வந்து அவள் குரல் கேட்டு நின்றார்.

"உங்கக்கா எங்க? நாலு நாளா அவ சத்தமே காணோம். கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாளா?" பிறகு என்னைக் காட்டி, "உன்கூட வந்தவங்களுக்குப் பால் குடுத்தியா?"

கோபுசிங்கே சிரித்தாள். அப்புறம் அவள் முகம் வெளுத்துவிட்டது.

நடிப்பு இல்லை. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே அவர அநாதையாக்கிட்டேனே.

பிப்ரவரி 12

ம்பராரா நகரத்து ஆஸ்பத்திரி. கோப்பை, சாவி, கைத்தடி — காட்டக் காட்டப் பட்டென்று சொன்னார். என் போட்டோவுக்கு, "யாரோ பொம்பள."

கண்ணில் கோளாறில்லை. கண் பார்த்ததை இன்னதென்று அறிவது மூளையாம். மனித முகத்தை அறியும் இடத்தில்தான் அடி. மற்றதெல்லாம் தப்பிவிட்டது. குரலை அறிவது வேறு இடம். "பேசிக்கிட்டே இருங்கம்மா," என்றார் டாக்டரம்மா. சரியாகுமா என்றேன். உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று வழியில் கேட்டேன்.

"பைத்தியம்னு சொல்லி சொந்தக்காரங்க மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம்."

என்னைக் கண்டுகொள்ள அவருக்கு இருந்தது குரல் ஒன்றுதான். அதையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 20

வரும்போதே எதையாவது உளறிக்கொண்டு வருகிறேன். "போதும் தாயே, நீதான்னு தெரியுது," என்கிறார்.

ஜூன் 15

கோபுசிங்கேயின் கல்யாணம். பெண்கள் எல்லாரும் ஒரே நிறத் துணியில் வரிசையாக நின்றோம். தூரத்திலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. தானாக ஒருமுறை கண்டுபிடிக்கட்டுமே என்று ஒரு பாழாய்ப்போன ஆசை.

என் எதிரிலேயே நின்று, பணிவாக, "அம்மா, என் சம்சாரத்தப் பாத்தீங்களா?" என்றார்.

"நான்தாங்க," என்றேன்.

அப்புறம் விருந்து முடியும்வரை என் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.