புன்னைத்தீவில் பன்னிரு குதிரைகள்

வெண்மணல் நாடு வளம் பெறுக! அதன் ஏழு துறைகளிலும் கலங்கள் நலமே வந்தடைக! ஏழு துறைக்கும் இறைவன், நண்டுக்கொடி உயர்த்த கோமான் வயமான் சேந்தன், கீழைத்துறைக் காவலர் நக்கன் பூதியார்க்கு விடுக்கும் ஓலை. நுமக்கும், நும் மனையோர்க்கும், நும் காவலில் உள்ள வாயில்லா உயிர்களுக்கும் நலம் உண்டாகுக.

கடல் கடந்து வந்த பன்னிரு குதிரைகளையும் புன்னைத்தீவில் நாற்பது நாள் தனித்து நிறுத்தாமல், யாம் முடிசூடிய நாள் விழாவின் பொருட்டு உடனே தலைநகர்க்கு அனுப்புமாறு முன்னர் எழுதினோம். நீரோ அவ்வோலையைத் திருப்பி அனுப்பி, ஒரு குதிரைக்கு மூக்கு ஒழுகுகிறது என்றும், அரசர் இலச்சினையைக் காட்டிய பின்னும் அது நிற்கவில்லை என்றும் விடை எழுதினீர். அதைக் கேட்டு அவையில் சிலர் வாய் பொத்திச் சிரித்தனர்; யாம் சினந்தோம். நும்மைப் பதவி நீக்கிச் சிறையிட வேண்டும் எனப் படைத்தலைவர் உரைத்தார். அந்த ஓலையும் எழுதி முடிந்தது. முத்திரை ஒன்றே எஞ்சியிருந்தது.

முத்திரையிடும் முன் யாம் குதிரைக் கொட்டிலுக்குச் சென்றோம். மூன்றாண்டுக்கு முன்னர் இவ்வாறே நாள் குறைத்து அழைத்த குதிரைகளை, எம் குலவழக்கப்படி பழைய குதிரைகளோடு ஒரே தொட்டியில் கொள்ளுத் தின்னச் செய்து, உறவாயின என்று மகிழ்ந்து மலர் தூவியவர் யாமே. இருபது நாளில் அறுபத்து மூன்று குதிரைகள் மாண்டன. எம்மைச் சுமந்த கருங்குதிரை மூச்சுக்குத் தவித்து, எம் மடியில் தலை வைத்து இறந்தது. தவறு எம்முடையது; அதைத் தெய்வக்குற்றம் என்று அவையினர் சொல்ல, யாம் பேசாதிருந்தோம். இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆதலின் நும் பதவி நும்மிடமே நிற்க. நோயுற்ற குதிரையைப் பிறவற்றினின்றும் அகற்றிக் கட்டுக. ஒவ்வொன்றுக்கும் தனித்தொட்டி வைத்திடுக; குலவழக்கு காத்திருக்கட்டும். குதிரை பேணுவோரும் நாற்பது நாள் முடியும்வரை தீவை விட்டு வர வேண்டா. அவர் இல்லங்களுக்கு அரண்மனையிலிருந்து நெல் போகும். விழா நாளில் யாம் நடந்தே வீதி வருவோம். காரணம் கேட்கும் குடிகளுக்கு உள்ளதையே சொல்வோம்.

எனினும் எம் இயல்பை யாம் அறிவோம். விழா நெருங்க நெருங்க மனம் மாறக்கூடும். ஆகவே நண்டு இலச்சினை பொறித்து, எம் கையாலேயே எழுதும் ஆணை இது: நாற்பதாம் நாளுக்கு முன் யாமே படகேறி வந்து கேட்பினும் தீவின் வாயிலைத் திறவாதீர். அன்று யாம் சினந்து சொல்வது எதுவும் ஆணையன்று; இவ்வோலையே ஆணை.