சட்டைப் பையில் வந்த ஆண்டவர்

என் தெரேசாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. உன் மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் மேல் இருப்பது அதைவிடப் பெரிது.

மாரியம்மன் கோயிலில் நான் கட்டிய தாலியை உங்கள் திருச்சபை கல்யாணமாக ஒப்புக்கொள்ளவில்லை. நானும் பாதர் முன்னால் வந்து நின்று ஆசீர்வாதம் வாங்கினால் உனக்குப் பூசையில் நற்கருணை அப்பம் உண்டு என்றார்கள். கட்டிய தாலிக்கு இன்னொருவன் முத்திரை எதற்கு என்று வீம்பு பிடித்தேன். பாதரின் மாதப் பூசையில் மற்றவர்கள் அப்பம் வாங்க எழுந்து போவார்கள். நீ உட்கார்ந்திருப்பாய், இருபத்தாறு வருஷமாக.

அந்த மாவுத் துண்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேலி செய்வேன். பாதர் அந்த வார்த்தைகளைச் சொன்ன பிறகு பார்வைக்கும் ருசிக்கும்தான் அது அப்பம், உள்ளபடி ஆண்டவரின் உடம்பு என்பாய்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு அந்தக் கூத்தைச் செய்தேன். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குப் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம்தானே? பூசைக்குப் போய் வரிசையில் நின்று கையை ஏந்தினேன். புதிதாக வந்த பாதருக்கு என்னைத் தெரியாது. அவர் கொடுத்த அப்பத்தை வெற்றிலையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

எழுந்து உட்காரவே முடியாத நீ, கட்டிலிலிருந்து இறங்கி என் சட்டைப் பைக்கு முன்னால் முழங்காலிட்டாய். சாப்பிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"அவருக்குத் தெரியுமேங்க. இங்கதானே இருக்காரு," என்றாய். "கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

கைக்கெட்டியதை ஏன் வேண்டாம் என்றாய்? வரிசையில் போனவர்களில் எத்தனை பேர் உன்னளவுக்கு நம்பினார்கள்?

திரும்பக் கொண்டுபோனேன். பாதர் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். சாகக் கிடப்பவருக்கு நற்கருணை மறுப்பதில்லை, தெமோதரையில் இன்னொரு பூசை இருக்கிறது, காலையிலேயே வருகிறேன் என்றார். வந்தார். அதற்குள் உன் தாடையைத் துணியால் கட்டியிருந்தோம். கொண்டுவந்ததை அப்படியே எடுத்துப் போனார்.

இப்போது ஒரு சேதி. நம் மகள் ஸ்டெல்லாவும் உன்னைப் போலவே கோயிலில்தான் கல்யாணம் முடித்தாள். அவள் புருஷனும் என்னைப் போலவே பாதர் முன்னால் வரமாட்டேன் என்று முறைத்தான். போன கிழமை நான்தான் அவனைப் பதுளையில் பாதரிடம் இழுத்துப் போனேன். பேப்பரெல்லாம் அவள் முன்னமே கொடுத்திருந்தாள். இரண்டு கேள்வி, ஒரு கையெழுத்து, ஓர் ஆசீர்வாதம். வெளியே வந்தபோது எங்கள் ஆட்டோக்காரர் வாங்கிய பிளேன்டீகூட முடிந்திருக்கவில்லை. அவ்வளவு நேரம்தான், தெரேசா.

மாவு எப்படி உடம்பாகும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் அதை மாவு என்று இனி என் வாயால் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உனக்குத் தாலி கட்டிய, உனக்காக ஒரு தடவை வந்து நிற்காத
உன் வீட்டுக்காரன்,
முத்தையா